42 ஆண்டுக்குப் பிறகு கிடைத்த தங்க நிறப் பிராணி!

மேகம் தவழும் காட்டில் ஒரு காவலர் கண்ட அதிசயம்

மதியச் சாப்பாட்டுக்காகக் காட்டில் உட்கார்ந்தார் ஒரு காவலர். 42 ஆண்டுகளாக விஞ்ஞானிகளின் கண்ணில் படாமல் இருந்த ஒரு பிராணி, அவர் கண்ணில் பட்டுவிட்டது!

கட்டுக்கதை போலத் தோன்றும். ஆனால், இது உண்மையில் நடந்த சம்பவம்.

நடந்தது 2017-ம் ஆண்டு அக்டோபர் மாதம். இடம், மத்திய அமெரிக்காவில் உள்ள குவாத்தமாலா நாடு. காவலரின் பெயர் ராமோஸ் லியோன். அவர் கண்டது, பொன் மஞ்சள் நிறத்தில், முதுகில் கரும்பட்டை ஓடும் ஒரு குட்டி 'சாலமாண்டர்'.

அந்த இனத்தை அதற்கு முன்பு மனிதர்கள் பார்த்தது 1975-ம் ஆண்டில். அதுவும் இரண்டே இரண்டு. அதன் பிறகு ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை. பூண்டோடு அழிந்திருக்கும் என்றே பலரும் நினைத்தார்கள்.

பல்லியா, தவளையா?

சாலமாண்டர் என்ற பெயர் நம்மவர்களுக்குப் புதிது. அதில் ஆச்சரியம் இல்லை. தமிழ்நாட்டுக் காடுகளில் இந்தப் பிராணி கிடையாது. ஆகவே தமிழில் அதற்கென்று ஒரு பெயரும் ஏற்படவில்லை.

பார்வைக்குப் பல்லி போல இருக்கும். நீண்ட உடம்பு, நான்கு கால், ஒரு வால். ஆனால், பல்லிக்கும் இதற்கும் சொந்தம் கிடையாது. பல்லியின் உடம்பில் செதில் உண்டு. விரல்களில் நகம் உண்டு. சாலமாண்டருக்கு இரண்டும் இல்லை. அதன் தோல் எப்போதும் ஈரமாக, வழவழப்பாக இருக்கும். இது தவளைக்குத்தான் பங்காளி.

சாலமாண்டர் நெருப்பில் பிறக்கிறது, நெருப்பு அதைச் சுடாது என்று பழைய காலத்தில் ஐரோப்பியர்கள் நம்பினார்கள். விறகுக் கட்டையின் பொந்தில் அது ஒளிந்திருக்கும். கட்டையை அடுப்பில் வைத்ததும் சூடு தாங்காமல் வெளியே ஓடி வரும். அதைப் பார்த்துவிட்டுக் கட்டிய கதைதான் அது. நிஜத்தில் இந்தப் பிராணிக்கு வெயிலே ஆகாது. நெருப்பு எங்கே ஆகப்போகிறது?

உலகத்தில் 800-க்கும் அதிகமான சாலமாண்டர் இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. அவற்றுக்கு நுரையீரலே கிடையாது!

தோலால் மூச்சு விடும்

நுரையீரல் இல்லாமல் எப்படி மூச்சு விடுகின்றன? தோலின் வழியாகவும், வாயின் உட்புறத்தில் உள்ள மெல்லிய தோலின் வழியாகவும் மூச்சு விடுகின்றன. காற்றில் இருக்கும் பிராண வாயு ஈரத்தோலில் கரைந்து, அப்படியே ரத்தத்தில் போய்க் கலக்கிறது.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. தோல் ஈரமாக இருக்கும் வரைதான் மூச்சு. தோல் காய்ந்தால் மூச்சுத் திணறிச் செத்துப்போகும். ஆகவே, ஆண்டு முழுவதும் ஈரம் குறையாத இடமாகப் பார்த்துத்தான் இவை வாழ முடியும்.

இன்னொரு வேடிக்கை, இவற்றின் நாக்கு. குவாத்தமாலாவில் கிடைத்த சாலமாண்டரின் வகைக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'பொலிட்டோகுளோசா'. கிரேக்க மொழியில் 'காளான் நாக்கு' என்று பொருள். நாக்கின் நுனி, காளான் குடை போல விரிந்திருப்பதால் அந்தப் பெயர்.

பூச்சியைக் கண்டால் அந்த நாக்கு அம்பு போலப் பாய்ந்து போய் ஒட்டிக்கொள்ளும். ஆயிரத்தில் சில வினாடிகளில் வேலை முடிந்துவிடும். மனிதன் ஒரு முறை கண் இமைப்பதற்குள் பத்து முறை அந்த நாக்கு பாய்ந்துவிடலாம். இதே வகையைச் சேர்ந்த வேறோர் இனத்தை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2007-ம் ஆண்டு வேகக் கேமராவில் படம் எடுத்து அளந்து பார்த்தார்கள். வெறும் தசையின் பலத்தால் அவ்வளவு வேகம் வராது என்று தெரிந்தது. வில்லை இழுத்துப் பிடித்து விடுவதுபோல, சக்தியைச் சேர்த்து வைத்து ஒரேயடியாக விடுகிறது என்று கண்டார்கள்.

நடப்பதில் மட்டும் படு மந்தம்! பாம்போ, பறவையோ வாலைப் பிடித்தால், பல்லியைப் போல வாலைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தப்பிக்கும்.

தவளைக்கு முட்டையிடக் குட்டையோ குளமோ வேண்டும். இவற்றுக்கு அதுவும் வேண்டாம். பாசிக்கு அடியிலும், உளுத்த மரத்தின் உள்ளேயும் முட்டையிடும். தாய் பக்கத்திலேயே இருந்து காவல் காக்கும். முட்டை பொரிய மாதக்கணக்கில் ஆகும். தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டையிலிருந்து வெளிவரும்போதே பெரிய சாலமாண்டரின் சின்ன அச்சாக வெளிவரும்.

மேகத்துக்குள் ஒரு காடு

இப்படி எப்போதும் ஈரம் கேட்கும் பிராணிக்கு ஏற்ற இடம் எது? மேகக் காடு!

கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறும். ஏற ஏறக் குளிர்ந்து மேகமாகும். சில மலைகளில் அந்த மேகம், குறிப்பிட்ட ஓர் உயரத்தில் நாள் தவறாமல் வந்து படியும். அந்த உயரத்தில் உள்ள காட்டைத்தான் மேகக் காடு என்கிறார்கள்.

அங்கே மழை பெய்யாத நாளிலும் மரங்கள் சொட்டிக்கொண்டே இருக்கும். இலைகளும் பாசிகளும் மேகத்தைச் சல்லடை போல வடிகட்டித் தண்ணீராக்கிவிடும். மரத்தின் மேல் பாசி, பாசியின் மேல் ஆர்க்கிட் பூச்செடி. அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த செடிகளும் மரக்கிளைகளில் குடியிருக்கும். அவற்றின் இலைகள் கிண்ணம் போல ஒன்றையொன்று தழுவி நிற்கும். அந்தக் கிண்ணத்தில் எப்போதும் தண்ணீர் நிற்கும். சாலமாண்டர்கள் பகலில் அதற்குள் புகுந்து தூங்கும். இரவில் வெளியே வந்து இரை தேடும். கிளையில் வழுக்காமல் நடப்பதற்காக விரல்களுக்கு இடையே வாத்தின் கால் போலச் சவ்வு இருக்கும்.

இப்படிப்பட்ட காட்டுக்குப் பேர்போனது குவாத்தமாலா. பரப்பளவில் தமிழ்நாட்டைவிடச் சிறிய நாடு அது. ஆனால், அங்கே 60-க்கும் அதிகமான சாலமாண்டர் இனங்கள் இருக்கின்றன! அந்த நாட்டின் வடமேற்கில், மெக்சிகோ எல்லையை ஒட்டி 'குச்சுமத்தானெஸ்' என்ற மலைத்தொடர் இருக்கிறது. அதன் உச்சி 12,500 அடி உயரம். நம் கதை நடக்கும் இடம், அந்த மலையின் ஈரமான சரிவுகள்.

இரண்டு வாலிபர்கள்

1970-களின் நடுவில் அந்த மலைக்கு இரண்டு அமெரிக்க வாலிபர்கள் வந்தார்கள். ஒருவர் பெயர் பால் எலியாஸ். மற்றவர் ஜெரமி ஜாக்சன். பிராணிகளைத் தேடுவதில் இருவருக்கும் பைத்தியம். மூட்டையைத் தூக்கிக்கொண்டு மழையிலும் சேற்றிலும் காட்டில் அலைந்தார்கள். கட்டைகளைப் புரட்டினார்கள். மரப்பட்டைகளை உரித்துப் பார்த்தார்கள்.

1975-ல் ஒரு நாள், ஜாக்சனின் கையில் கிடைத்தது அந்தப் பொன்னிறப் பிராணி. உள்ளங்கையில் அடங்கும் உருவம். அதற்கு முன் எந்தப் புத்தகத்திலும் இல்லாத இனம். "தங்க அதிசயம்" என்று அதற்குச் செல்லப்பெயர் வைத்தார்கள்.

அதை விவரித்து எலியாஸ் 1984-ம் ஆண்டில் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். கண்டுபிடித்த நண்பரின் நினைவாக 'பொலிட்டோகுளோசா ஜாக்சோனி' என்று அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார்.

அந்தப் பயணங்களில் அவர்கள் கண்டது அது ஒன்று மட்டும் அல்ல. நீண்ட மெல்லிய கால்களைக் கொண்ட ஒரு சாலமாண்டர். மெதுவாக நகரும் இன்னொரு குட்டையான சாலமாண்டர். இவையும் உலகத்துக்குப் புதியவை. இவற்றைக் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் வேக்குடன் சேர்ந்து 1983-ம் ஆண்டில் எலியாஸ் வெளியிட்டார். சாலமாண்டர் ஆராய்ச்சியில் உலகத்திலேயே முதன்மையானவராகக் கருதப்பட்டவர் வேக். அவர் 2021-ம் ஆண்டில் காலமானார்.

பெயர் வைத்தாகிவிட்டது. ஆனால், பெயருக்கு உரிய பிராணி மறுபடி கண்ணில் படவில்லை.

காட்டில் துப்பாக்கிச் சத்தம்

தேடிப் போகவும் வழி இல்லாமல் போயிற்று. குவாத்தமாலாவில் 1960 முதல் 1996 வரை 36 ஆண்டுகள் உள்நாட்டுப் போர் நடந்தது. 2 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் 'மாயா' என்னும் பழங்குடி மக்கள். 1980-களின் தொடக்கத்தில் போர் உச்சத்தில் இருந்தபோது, குச்சுமத்தானெஸ் மலைப்பகுதிக் கிராமங்கள் பல தீக்கிரையாயின. ஆயிரக்கணக்கானோர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லையைத் தாண்டி மெக்சிகோவுக்கு ஓடினார்கள்.

மனிதர்கள் இப்படி மாண்டுகொண்டிருந்த காலத்தில், அந்த மலையில் சாலமாண்டர் இருக்கிறதா என்று யார் போய்ப் பார்ப்பார்கள்?

போர் ஓய்ந்தபின் காட்டுக்குள் போனவர்களுக்கு வேறோர் அதிர்ச்சி காத்திருந்தது.

கட்டையைப் புரட்டினால் ஒன்றும் இல்லை!

குவாத்தமாலாவின் மேற்கில் 'தஹுமுல்கோ' என்ற எரிமலை இருக்கிறது. 13,845 அடி உயரம். மத்திய அமெரிக்காவிலேயே உயரமான சிகரம் அதுதான். அதன் சரிவுகளில் 1970-களில் டேவிட் வேக்கும் அவருடைய குழுவினரும் சாலமாண்டர்களைக் கணக்கெடுத்தார்கள். அப்போது கட்டையைப் புரட்டினால் சாலமாண்டர். மரப்பட்டையை விலக்கினால் சாலமாண்டர். அவ்வளவு ஏராளம்!

2005-ம் ஆண்டு முதல் அதே இடங்களில் மறுபடி தேடினார்கள். ஒரு காலத்தில் மலிந்து கிடந்த இரண்டு இனங்கள் அடியோடு காணோம். வேறு சிலவும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்திருந்தன. மெக்சிகோவிலும் இதே கதைதான். இந்த முடிவை அவர்கள் 2009-ம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

காடு அழிந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று சொல்லிவிட முடியவில்லை. கோடரி படாத, பாதுகாக்கப்பட்ட காட்டிலும் அவை குறைந்திருந்தன. அப்படியானால் காரணம் என்ன?

ஒரு காரணம், தோலைத் தாக்கும் ஒரு வகைப் பூஞ்சைக் காளான். தவளைகளையும் சாலமாண்டர்களையும் உலகம் முழுவதும் கொன்று குவித்திருக்கும் நோய் அது. தோலால் மூச்சு விடும் பிராணிக்குத் தோலில் நோய் வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அருங்காட்சியகங்களில் பல ஆண்டுகளாகச் சாராயப் புட்டியில் இருந்த பழைய சாலமாண்டர்களை எடுத்துச் சோதித்தார்கள். 1970-களிலேயே மெக்சிகோவில் அந்த நோய் வந்துவிட்டது. பிறகு மெல்லத் தெற்கே இறங்கிக் குவாத்தமாலாவுக்குப் பரவியது. இது 2011-ம் ஆண்டில் தெரியவந்தது. துப்பறியும் கதை தோற்றது, போங்கள்!

இன்னொரு காரணம், வெப்பம். பூமி சூடாகச் சூடாக மேகம் படியும் உயரம் மலையில் மேலே மேலே போகிறது என்று விஞ்ஞானிகள் கூறுகிறார்கள். மேகம் ஏறினால், கீழே உள்ள காடு காய ஆரம்பிக்கும். காட்டை நம்பியிருக்கும் பிராணியும் மேகத்தின் பின்னாலேயே ஏற வேண்டியதுதான்.

கோஸ்டாரிகா நாட்டின் மேகக் காட்டில் 'தங்கத் தேரை' என்று ஒன்று இருந்தது. தகதகவென்று ஆரஞ்சு நிறம். 1987-ம் ஆண்டில் 1,500-க்கும் அதிகமான தேரைகள் ஒரே பருவத்தில் காணப்பட்டன. மறு ஆண்டு சுமார் பத்து. 1989-ல் ஒன்றே ஒன்று. அதுதான் கடைசி. அந்தக் காடு 1972-ம் ஆண்டு முதல் பாதுகாக்கப்பட்ட காடு! 2004-ம் ஆண்டில் அந்த இனம் அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

குவாத்தமாலாவின் தங்கச் சாலமாண்டரும் அதே வழியில் போய்விட்டது என்று பலர் நினைத்ததில் தப்பில்லை.

ஏலக்காய் செய்த வேலை

குச்சுமத்தானெஸ் மலையில் இன்னும் ஒரு தொல்லை உண்டு. அதில் நம் ஊர்ச் சங்கதி ஒன்றும் கலந்திருக்கிறது.

டீக்கடையில் மணக்க மணக்க ஏலக்காய் டீ குடிக்கிறோம். அந்த ஏலச்செடியின் பிறந்த வீடு நம் மேற்குத் தொடர்ச்சி மலை. போடிநாயக்கனூரில் இருந்து மலை ஏறி, ஏலத்தோட்ட வேலைக்குப் போய் வந்த குடும்பங்கள் எத்தனையோ. அந்தச் செடியை முதல் உலகப்போர் காலத்தையொட்டி ஜெர்மானியத் தோட்டக்காரர் ஒருவர் குவாத்தமாலாவுக்குக் கொண்டுபோனார். அங்கே அது சக்கைப்போடு போட்டது. 1980-களில் இந்தியாவையே முந்திவிட்டது. இன்று ஏலக்காய் ஏற்றுமதியில் உலகத்தில் முதல் இடம் குவாத்தமாலாவுக்குத்தான். அங்கு உள்ளவர்கள் ஏலக்காயை அதிகம் தொடுவதில்லை. அரபு நாடுகளில் காபியில் போட்டுக் குடிக்கத்தான் பெரும்பகுதி போகிறது.

ஏலத்துக்கு என்ன வேண்டும்? குளிர்ச்சி, நிழல், ஓயாத ஈரம். சாலமாண்டருக்கும் அவையேதான் வேண்டும். ஆக, இரண்டுக்கும் ஒரே காட்டின் மேல் கண்! ஏலம் போடுவதற்காக அடிக்காட்டை வெட்டிச் சுத்தம் செய்கிறார்கள். பறித்த காயை உலர்த்த விறகு வேண்டும். அதற்கும் மரம் விழுகிறது. காபித் தோட்டத்துக்காகவும், மாட்டுக்குப் புல் வளர்க்கவும், மக்காச்சோளம் போடவும் காடு சுருங்குகிறது.

இவற்றைச் செய்பவர்கள் எல்லாரும் பெரும் முதலாளிகள் அல்ல. துண்டு நிலத்தை வைத்துப் பிழைக்கும் மாயா குடும்பங்கள்தான் அதிகம். வயிற்றுப்பாட்டுக்காகச் செய்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்லிக் காட்டைக் காப்பாற்றிவிட முடியாது.

விடாக்கண்டர் வாஸ்கெஸ்

இந்தச் சிக்கலில்தான் கார்லோஸ் வாஸ்கெஸ் என்ற குவாத்தமாலாக்காரர் வருகிறார். தலைநகரில் உள்ள சான் கார்லோஸ் பல்கலைக்கழகத்தில், தவளை, பாம்பு முதலியவற்றின் சேகரிப்புக்குப் பொறுப்பாளர். 'ஃபுண்டாஏகோ' என்ற அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்திலும் பணியாற்றுகிறவர். தஹுமுல்கோவில் மறு கணக்கெடுத்த குழுவில் அவரும் ஒருவர்.

2005-ம் ஆண்டு முதல் அவர் குச்சுமத்தானெஸ் மலைக்கு 30 தடவைக்கு மேல் போய் வந்தார். எலியாசும் ஜாக்சனும் கண்ட மற்ற இரண்டு சாலமாண்டர்களையும் 2010-ம் ஆண்டை ஒட்டி அவர் மறுபடி கண்டுபிடித்தார். அவையும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக யார் கண்ணிலும் படாதவை.

மூன்றில் இரண்டு கிடைத்துவிட்டன. மூன்றாவது, தங்க அதிசயம், மட்டும் அகப்படவில்லை.

2014-ம் ஆண்டில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. வாஸ்கெஸ் ஏற்பாடு செய்த தேடுதல் குழுவில், எலியாசும் ஜாக்சனும் சேர்ந்துகொண்டார்கள். வாலிபர்களாக அலைந்த மலைக்குச் சுமார் 40 ஆண்டுகள் கழித்து, தலை நரைத்தபின் திரும்பி வந்தார்கள்! பல நாட்டு நிபுணர்களும் உடன் வந்தார்கள். பகலில் கட்டைகளைப் புரட்டினார்கள். இரவில் விளக்கை ஏந்தி இலை இலையாகப் பார்த்தார்கள். தங்கச் சாலமாண்டர் கிடைக்கவே இல்லை.

ஆனால், அந்த மலை எவ்வளவு அருமையானது என்பது எல்லாருக்கும் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் காட்டை விலைக்கு வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார்கள். பல நாட்டு அமைப்புகள் பணம் திரட்டின. 2015-ம் ஆண்டில் அந்த நிலம் ஃபுண்டாஏகோ வசம் வந்தது. 'சான் இசித்ரோ' தவளை, சாலமாண்டர் காப்பகம் உருவாயிற்று.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தங்கச் சாலமாண்டர் உயிரோடு இருக்கிறதா என்பது அப்போது யாருக்கும் தெரியாது. மற்ற இரண்டு இனங்களும், அரிய தவளைகளும் அங்கே இருந்தன. அவற்றுக்காகவே காட்டை வாங்கினார்கள். தங்கச் சாலமாண்டர் இருந்தால் அதுவும் பிழைக்கட்டும் என்ற நம்பிக்கைதான்.

'தேடப்படும்' பட்டியல்

2017-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், அமெரிக்காவில் உள்ள 'குளோபல் வைல்ட்லைஃப் கன்சர்வேஷன்' என்ற அமைப்பு ஒரு பட்டியல் வெளியிட்டது. (2021 முதல் அதன் பெயர் 'ரீவைல்ட்'.) உலகத்தில் காணாமல் போன உயிரினங்களில், முக்கியமாகத் தேட வேண்டிய 25 இனங்களின் பட்டியல் அது. போலீஸ் நிலையத்துச் சுவரில் 'தேடப்படும் நபர்' என்று படம் ஒட்டுவார்கள் அல்லவா? அதே மாதிரிதான்!

அதில் குவாத்தமாலாவின் தங்கச் சாலமாண்டரும் இடம்பெற்றது. அதைத் தேடி இன்னொரு பெரிய குழுவை அனுப்பும் யோசனையும் எழுந்தது.

குழு போக வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

சாப்பாட்டு வேளையில்

காப்பகத்துக்குச் சில காவலர்களை நியமித்திருந்தார்கள். மரம் வெட்ட வருகிறவர்களையும், வேட்டைக்கு வருகிறவர்களையும் தடுப்பது, எல்லையைச் சுற்றி வருவது அவர்களுடைய வேலை. ராமோஸ் லியோன் அவர்களில் ஒருவர்.

அக்டோபர் மாதத்தில் அவர் வழக்கம் போலச் சுற்றி வந்தார். காப்பகத்தின் ஓரத்தில் ஓர் இடத்தில் சாப்பிட உட்கார்ந்தார். பளிச்சென்று மஞ்சள் நிறத்தில் ஏதோ தெரிந்தது. அது பூ அல்ல, இலை அல்ல, ஒரு குட்டிச் சாலமாண்டர்!

வேறு ஒருவராக இருந்தால், ஏதோ ஒரு பூச்சி, புழு என்று சோற்றில் கவனத்தைத் திருப்பியிருப்பார். லியோனுக்கு அது என்னவென்று தெரிந்திருந்தது. படம் எடுத்து வாஸ்கெசுக்கு அனுப்பினார்.

வாஸ்கெஸ் பார்த்தார். சந்தேகமே இல்லை. 42 ஆண்டுகளுக்குப் பிறகு, தங்க அதிசயம்! அமெரிக்காவில் இருந்த எலியாசுக்கும் ஜாக்சனுக்கும் செய்தி பறந்தது. 25 இனங்களின் பட்டியலில் முதன்முதலாகக் கிடைத்தது அதுதான். (பிறகு 2019-ல் வியட்நாமில் ஒரு சருகு மானும், இந்தோனேசியாவில் உலகத்திலேயே பெரிய தேனீயும் கிடைத்தன.)

பல நாட்டு நிபுணர்கள் விளக்கு வைத்துத் தேடியும் கிடைக்காதது, ஒரு காவலருக்குக் கிடைத்தது. அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்வார்கள். கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டுதான். ஆனால், நிபுணர்கள் சில வாரம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். அவரோ நாள்தோறும் அதே காட்டில் நடக்கிறவர். எந்த மரத்தில் எந்தப் பாசி என்று பழகிப்போன கண்கள். மாதச் சம்பளத்துக்குக் காவல் பார்க்கிறவருக்கு இந்தப் பெருமை கிடைத்தது நியாயமானதே.

ஆயிரம் அடி மேலே

லியோன் கண்ட இடத்தைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. 1975-ல் கண்ட இடத்தைவிட அது சுமார் 1,000 அடி உயரத்தில் இருக்கிறது. இதை விஞ்ஞானிகள் மகிழ்ச்சியோடு வரவேற்றார்கள். முன்பு நினைத்ததைவிட அதிகமான இடத்தில் அந்த இனம் வாழ முடியும் என்று இதற்குப் பொருள். கிடைத்தது குட்டி என்பதும் நல்ல செய்தி. குட்டி இருந்தால், அதைப் பெற்றவையும் பக்கத்தில் எங்கோ இருந்திருக்க வேண்டும் அல்லவா?

ஆனாலும், இந்தச் சாலமாண்டர் உலகத்தில் மிக மிக ஆபத்தான நிலையில் உள்ள இனங்களின் பட்டியலிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. பூஞ்சை நோய்க்கு வேலி போட முடியாது. மேகத்தைப் பிடித்து நிறுத்தவும் முடியாது. மரம் விழாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் காவலர்களின் கையில் இருக்கிறது.

நம் நாட்டிலும் உண்டு

சாலமாண்டரை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் குவாத்தமாலா வரைக்கும் போக வேண்டியதில்லை. இந்தியாவில் கிழக்கு இமயமலைப் பகுதியில் சாலமாண்டர் இருக்கிறது. மேற்கு வங்காளத்தின் டார்ஜிலிங் மலையில் உள்ள இனத்துக்கு 2015-ம் ஆண்டில்தான் தனிப்பெயர் கிடைத்தது. அதுவரை சீனாவில் உள்ள இனமும் இதுவும் ஒன்றே என்று நினைத்திருந்தார்கள்.

இதன் நிறம் பழுப்பு. முதுகில் இரண்டு பக்கமும் வரிசையாகப் புடைப்புகள் இருக்கும். இதற்கு நுரையீரல் உண்டு. முட்டையிடத் தண்ணீருக்குத்தான் வரும். குளிர்காலம் முழுவதும் கல்லுக்கும் மண்ணுக்கும் அடியில் ஒளிந்து கிடக்கும். மழைக்காலம் தொடங்கியதும் குளம் குட்டைகளைத் தேடி வெளியே வரும். தேயிலைத் தோட்டங்களின் ஓரத்தில் உள்ள குட்டைகளிலும் முன்பு நிறைய இருந்தன. குட்டைகள் தூர்ந்தும், வீடுகள் பெருகியும், மருந்து தெளித்தும் பல இடங்களில் இல்லாமல் போய்விட்டன.

டார்ஜிலிங்கை அடுத்த சுகியாபோக்ரி என்ற ஊருக்குப் பக்கத்தில், 7,000 அடிக்கு மேல், 'ஜோர்போக்ரி' என்ற இடம் இருக்கிறது. இரட்டைக் குளம் என்று அதற்குப் பொருள். சாலமாண்டருக்காகவே அந்தக் குளங்கள் சரணாலயமாகப் பாதுகாக்கப்படுகின்றன. கல்கத்தா பக்கம் வேலையில் இருக்கும் தமிழர்கள், ஜூன், ஜூலை மாத மழையில் டார்ஜிலிங் போக நேர்ந்தால் அங்கேயும் ஒரு நடை போய் வரலாம். பார்ப்பதோடு சரி. பிடிப்பதும், எடுத்துவருவதும் சட்டப்படி குற்றம்.